ரெண்டு மணி நேரத்தில் 71-வது இடம்: கூகுள் வரிசையின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கி, திருத்திய எழுத்து வடிவம்)

இன்னிக்கு ஒரு சூட்கேஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

2011 பிப்ரவரி 9, புதன்கிழமை. நியூயார்க்கில் சாயங்காலம் ஏழு மணி. கூகுளில் 'சாம்சோனைட் கேரி ஆன் லக்கேஜ்' என்று தேடினால் முதலில் வருவது ஜே.சி. பென்னி. சாம்சோனைட் கம்பெனியோட சொந்தத் தளமே அதுக்குக் கீழதான். பென்னி 1902-ல் ஆரம்பிச்ச டிபார்ட்மென்ட் ஸ்டோர். துணி, மெத்தை, திரைச்சீலை, சோஃபா எல்லாம் விற்கிற கடை. அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அதே வார்த்தைகளைத் தேடினா, பென்னி 71-வது இடத்துல இருக்கு. இடையில ரெண்டே மணி நேரம்.

71-வது இடம்னா எட்டாவது பக்கம். நீங்க கடைசியா எப்போ கூகுள்ல எட்டாவது பக்கம் வரைக்கும் போனீங்க?

நடந்தது இதுதான். அதுக்கு முந்தின சில மாசமா பென்னி பல தேடல்களில் முதலிடத்தில் இருந்தது. டிரெஸ், படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு, மேசைத் துணி, எதைத் தேடினாலும் பென்னி. அமெரிக்கக் கடைகளுக்கு நம்ம தீபாவளி சீசன் மாதிரி முக்கியமான கிறிஸ்துமஸ் சீசன் முழுக்க இப்படியே போனது. நியூயார்க் டைம்ஸ் நிருபர் டேவிட் சீகல் இதைத் தோண்ட ஆரம்பிச்சார். அந்தத் துறை தெரிஞ்ச ஒருத்தரை வெச்சு, பென்னிக்கு எங்கெல்லாம் இருந்து லிங்க் வருதுன்னு பார்க்கச் சொன்னார். 'ஈவினிங் டிரெஸ்', 'காக்டெயில் டிரெஸ்' மாதிரி வார்த்தைகளோட 2,015 பக்கங்களில் இருந்து பென்னிக்கு லிங்க் இருந்தது. அந்தப் பக்கங்கள் எதைப் பற்றியவை? குறட்டை, பல் வைத்தியம், மீன்பிடித்தல், பாத்ரூம் டைல்ஸ். குறட்டை பற்றி எழுதற ஒரு தளம் எதுக்குங்க உங்களை காக்டெயில் டிரெஸ் வாங்க அனுப்பணும்?

பென்னி, தங்களுக்கு இது தெரியவே தெரியாதுன்னு சொல்லிட்டு, தங்களுக்காக வேலை செஞ்ச எஸ்இஓ நிறுவனத்தை நீக்கினாங்க. கூகுள் கையாலேயே தண்டனை போட்டது. ரெண்டு மணி நேரத்தில் 71-வது இடம் அப்படித்தான் வந்தது.

சரி, குறட்டை தளத்தில் ஒரு லிங்க் போட்டா கூகுள் ஏன் நம்பணும்? அதுக்கு ஒரு பதினஞ்சு வருஷம் பின்னாடி போகணும்.

1994-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோன்னு ரெண்டு மாணவர்கள் தங்களுக்குப் பிடிச்ச தளங்களை வகை பிரிச்சு ஒரு பட்டியல் போட்டாங்க. அதுதான் யாஹூ ஆச்சு. மனுஷங்க பார்த்து, படிச்சு, சேர்த்த பட்டியல். ஒவ்வொரு வகைக்குள்ளும் அகர வரிசை. அப்போ மேல வர என்ன வழி? பேரை 'ஏ'ல ஆரம்பிச்சா போதும். எல்லோ பேஜஸ் காலத்துல 'ஏஏஏ'ன்னு கடைக்குப் பேர் வெச்ச அதே டெக்னிக்.

அடுத்து 1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தது. இதுல பட்டியல் போட மனுஷங்க இல்ல. மென்பொருள் பக்கம் பக்கமா போய், அதிலுள்ள வார்த்தைகளை எல்லாம் எடுத்து வெச்சுக்கும். நீங்க தேடுற வார்த்தை எந்தப் பக்கத்தில் இருக்குன்னு நொடியில சொல்லும். அப்போ அது மேஜிக் மாதிரி இருந்தது. ஆனா, எது நல்ல பக்கம்னு அதுக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் அந்தப் பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்குதோ அதை வெச்சுத்தான். உடனே ஆளுங்க வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்துல ஒரே வார்த்தையை நூறு தடவை எழுதி வெச்சாங்க. கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். மெட்டா கீவேர்டுன்னு ஒரு பெட்டி இருந்தது. தளத்துக்கு எது பொருத்தம்னு நேர்மையா எழுத வேண்டிய இடம். அதுல சம்பந்தமே இல்லாத பிரபலங்களோட பேரை எல்லாம் கொட்டினாங்க. அந்தப் பெட்டியைத் தரவரிசைக்கு நாங்க பயன்படுத்துறதே இல்லைன்னு கூகுள் 2009-ல் அறிவிச்சது. அதுக்கு அப்புறமும் பல வருஷம் ஆளுங்க அதை நிரப்பிக்கிட்டே இருந்தாங்க, அது தனிக்கதை.

அந்தக் காலத் தேடல் எவ்வளவு மோசமா இருந்ததுன்னு காட்ட ஒரே ஒரு விஷயம் போதும். லாரி பேஜ், செர்கே பிரின் ரெண்டு பேரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில இது வருது. 1997 நவம்பரில், முதல் நாலு இடத்தில் இருந்த வணிகத் தேடுபொறிகளில் ஒண்ணே ஒண்ணுதான், அதோட சொந்தப் பேரைத் தேடினா முதல் பத்து முடிவுக்குள்ள தன்னையே காட்டிச்சாம். மத்த மூணும் தன்னையே கண்டுபிடிக்க முடியாம இருந்தது.

அவங்க கொண்டு வந்த மாற்றம் என்ன? ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லுதுன்னு மட்டும் பார்க்காதே, மத்தவங்க அதைப் பற்றி என்ன சொல்றாங்கன்னு பாரு. நம்ம வீட்ல வரன் பார்க்கும்போது பையன் அனுப்புற பயோடேட்டாவை யார் முழுசா நம்புறாங்க? தெருவுல நாலு பேர்கிட்ட விசாரிப்போம். அந்த நாலு பேர்லயும், ஊர்ல மதிக்கிற ஒரு வாத்தியார் 'நல்ல பையன்'னு சொன்னா அதுக்கு எடை ஜாஸ்தி. பேஜ்ரேங்க் அதைத்தான் கணக்கா மாத்துச்சு. ஒரு லிங்க் ஒரு ஓட்டு. யார் போட்ட ஓட்டு என்பதைப் பொறுத்து அதோட மதிப்பு. அந்த 'யார்'க்கு எத்தனை பேர் ஓட்டுப் போட்டிருக்காங்கன்னு பார்த்து அவரோட மதிப்பு. சுத்திச் சுத்திப் போய் கணக்கு ஒரு இடத்துல நிலைக்கும்.

யோசனை ஆகாயத்துல இருந்து வந்ததில்ல. யூஜின் கார்ஃபீல்டுன்னு ஒருத்தர் 1955-லேயே, எந்த ஆய்வுக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டுறாங்கன்னு அட்டவணை போடலாம்னு எழுதி, 1964-ல் அதைப் புத்தகமா கொண்டு வந்தார். பேஜும் பிரினும் தங்களோட எழுத்துல அவரைக் குறிப்பிட்டிருக்காங்க. அதே காலகட்டத்தில் ஐபிஎம்-மின் அல்மடேன் ஆய்வகத்துலயும் லிங்க்கை வெச்சுத் தரம் பார்க்கிற 'க்ளெவர்'னு ஒரு திட்டம் ஓடுச்சு. அதில் இருந்தவர்களில் ஒருத்தர் பிரபாகர் ராகவன், நம்ம சென்னை ஐஐடியில படிச்சவர். பின்னாடி 2020-ல் இருந்து 2024 வரைக்கும் கூகுள் தேடலுக்கே அவர்தான் தலைமை.

இப்போ நான் இந்தக் கதையில ரொம்ப ரசிக்கிற இடத்துக்கு வரேன். பேஜ்ரேங்க் பற்றின அந்த ஆரம்ப காலக் கட்டுரைகளில் ஒண்ணுல, இதை யாராவது ஏமாத்த முடியுமான்னு அவங்களே யோசிச்சிருக்காங்க. மோசமா போனா முக்கியமான தளங்களில் யாராவது காசு குடுத்து லிங்க் வாங்கலாம். ஆனா அதுக்குச் செலவாகுமே, அதனால அது கட்டுக்குள்ளதான் இருக்கும்னு முடிச்சுட்டாங்க. காசு செலவாகும், அதனால யாரும் செய்ய மாட்டாங்க! ரெண்டு பேரும் பிஎச்டி மாணவர்கள், கடை வெச்சவங்க இல்லைன்னு அந்த வரியிலேயே தெரியுது.

2000 டிசம்பரில் கூகுள் ஒரு டூல்பார் வெளியிட்டது. பிரவுசரில் போட்டுக்கிட்டா, நீங்க பார்க்கிற எந்தப் பக்கத்துக்கும் அதோட பேஜ்ரேங்க் எவ்வளவுன்னு ஒரு சின்னப் பச்சைப் பட்டையில காட்டும். 0-ல் இருந்து 10 வரைக்கும். ஆர்வத்துக்காகக் குடுத்த வசதிதான். ஆனா அதுவரைக்கும் மறைஞ்சிருந்த ஒரு மதிப்பு இப்போ எல்லாருக்கும் தெரியுற எண்ணா மாறிடுச்சு. எண் வந்தா விலை வரும். உங்க தளத்துல பட்டை 7 காட்டுதா? அப்போ உங்ககிட்ட இருந்து வர்ற ஒரு லிங்க்குக்கு இவ்வளவு டாலர். 4-ஆ? அதுக்குத் தகுந்த மாதிரி. தங்கத்துக்கு கேரட் போட்ட மாதிரி லிங்க்குக்குத் தரம் வந்தாச்சு.

ஓக்லஹோமாவுல சர்ச்கிங்னு ஒரு நிறுவனம், நல்ல பேஜ்ரேங்க் உள்ள தளங்களில் விளம்பர லிங்க் வாங்கித் தர தரகு வேலையை 2002-ல் வெளிப்படையாவே ஆரம்பிச்சது. கொஞ்ச நாளில் அவங்க பச்சைப் பட்டை சரிஞ்சது. வழக்கு போட்டாங்க. 2003 மே மாசம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செஞ்சது. அதுக்குச் சொன்ன காரணம் முக்கியம்: ஒரு தளத்துக்கு கூகுள் குடுக்கிற தரவரிசை கூகுளோட கருத்து, அமெரிக்க அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை அதைக் காப்பாத்துது. அதாவது, உங்க கடை எந்த இடத்துல வருதுங்கிறது உங்களைப் பற்றி ஒருத்தர் வெச்சிருக்கிற அபிப்பிராயம். அபிப்பிராயம் மாறினதுக்காக வழக்கு போட முடியாது.

அதே 2003, நவம்பர் மாசம். கூகுள் தன் கணக்கீட்டைப் பெரிசா மாத்துச்சு. புயலுக்குப் பேர் வைக்கிற மாதிரி, தளம் நடத்துறவங்க இதுக்கு 'ஃப்ளோரிடா'ன்னு பேர் வெச்சாங்க. கிறிஸ்துமஸுக்கு ஆறே வாரம். கூகுளை மட்டும் நம்பி ஆன்லைனில் பொருள் வித்துக்கிட்டிருந்த சின்னச் சின்னக் கடைகள் ஒரே ராத்திரியில முடிவுகளில் இருந்து காணாம போச்சு. அதுல வார்த்தையைத் திணிச்சவங்க, லிங்க் வாங்கினவங்க நிறைய. எதுவும் செய்யாம மாட்டினவங்களும் உண்டு. குடோன்ல சரக்கு இறக்கி வெச்சாச்சு, கடைக்கு வர்ற ரோட்டை மூடியாச்சு. இந்தக் கதையில் கூகுளைத் திட்டுறதா, ஏமாத்தினவங்களைத் திட்டுறதான்னு யோசிக்கும்போது எனக்கு இந்த ஃப்ளோரிடா ஞாபகம் வந்துடும், ஒரு பக்கமா சாய முடியாது.

லிங்க் சந்தை இதனால நிக்கல. ப்ளாக் பின்னூட்டங்களில் மருந்துக் கடை லிங்க், சூதாட்ட லிங்க்னு மெஷின் வெச்சுக் கொட்டினாங்க. 2005 ஜனவரியில கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூணும் சேர்ந்து 'நோ-ஃபாலோ'ன்னு ஒரு அடையாளம் கொண்டு வந்தாங்க. அது ஒட்டின லிங்க்கை ஓட்டா எண்ண மாட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, இணையத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் கைகாட்டுறதுக்காக இருந்த விஷயம் லிங்க். அதுல 'இதை நான் பரிந்துரைக்கல'ன்னு சீட்டு ஒட்டற நிலைமை வந்துடுச்சு.

இப்போ மறுபடி 2011. பென்னி விழுந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு, பிப்ரவரி 24 அன்னிக்கு கூகுள் அடுத்த மாற்றத்தை விட்டது. பேர் பாண்டா. கரடி இல்லீங்க, நவ்நீத் பாண்டான்னு ஒரு பொறியாளரோட பேர். இது குறிவெச்சது லிங்க்கை இல்ல, எழுத்தை. எதைத் தேடுவாங்கன்னு கணக்குப் பார்த்து, அதுக்குத் தகுந்த மாதிரி அடிமாட்டு விலைக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுத வெச்சுக் குவிக்கிற தளங்கள் அப்போ கொடிகட்டிப் பறந்தது. அதுல பெரிசு டிமாண்ட் மீடியா. அந்த ஜனவரியில்தான் பங்குச் சந்தைக்கு வந்து, முதல் நாளே நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தைவிட அதிக மதிப்பைத் தொட்டது. அடுத்த மாசம் பாண்டா. அமெரிக்காவில் கிட்டத்தட்ட 12 சதவீதத் தேடல்களில் முடிவுகள் மாறின. டிமாண்ட் மீடியா அந்த முதல் நாள் உயரத்தில் நிலைக்கல, கடைசியில பேரையே மாத்திக்கிட்டது.

2012 ஏப்ரல் 24, பென்குயின். இது லிங்க் வாங்கினவங்களுக்கு வந்தது. முன்னாடி எல்லாம் மாட்டினா, யாரோ ஒரு கூகுள் ஊழியர் பார்த்து தண்டிக்கணும். இப்போ கணக்கே தண்டிச்சது. வாங்கின லிங்க், இருந்த இடத்துல இருந்து கீழ இழுத்தது. உடனே ஒரு தலைகீழ் வியாபாரம் தொடங்கிச்சு பாருங்க. அதுவரைக்கும் 'எங்களுக்கு லிங்க் குடுங்க'ன்னு மெயில் போட்டவங்க 'தயவுசெஞ்சு எங்க லிங்க்கை எடுத்துடுங்க'ன்னு கெஞ்ச ஆரம்பிச்சாங்க. சில தளக்காரங்க லிங்க்கை எடுக்கவும் காசு கேட்டாங்க. அந்த அக்டோபரில் கூகுளே 'டிஸவோ'ன்னு ஒரு கருவி குடுத்தது. இந்த லிங்க்குகளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லைன்னு ஒரு பட்டியல் எழுதிக் குடுத்துடலாம்.

எழுதிக் குடுத்தா உடனே மன்னிப்பு வருமா? இங்கதான் வேதனை. பென்குயின் அப்போ எப்பவாவது ஒரு தடவைதான் மறுபடி கணக்குப் போடும். நீங்க இன்னிக்கு எல்லாத்தையும் சுத்தம் செஞ்சாலும், அடுத்த கணக்கு வர்ற வரைக்கும் தண்டனை அப்படியே இருக்கும். 2014 அக்டோபரில் ஒரு கணக்கு. அடுத்தது 2016 செப்டம்பர். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். ஏதோ ஒரு ஏஜென்சி 'முதல் பக்கம் கேரண்டி'ன்னு சொன்னதை நம்பிக் காசு குடுத்த ஒரு சின்னக் கடை, ரெண்டு வருஷம் எதைச் சாப்பிடும்?

இதைப் பெரிய ஆளுங்களோட வெச்சுப் பாருங்க. 2006 பிப்ரவரியில ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளம், கூகுளுக்கு ஒரு பக்கமும் மனுஷங்களுக்கு வேற பக்கமும் காட்டி மாட்டிச்சு. ஒரு வாரத்துக்குள்ள திரும்பி வந்துடுச்சு. 2013-ல் பிரிட்டனில் பூ விற்கிற இன்டர்ஃப்ளோரா, உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்களில் விளம்பரக் கட்டுரை போட்டு லிங்க் வாங்கி மாட்டினாங்க. அங்க அன்னையர் தினம் மார்ச் 10. தண்டனை விலகினது பதினோரு நாளில், அன்னையர் தினத்துக்கு ஆறு நாள் முன்னாடி. நியாயமா சொல்லணும்னா, இதெல்லாம் ஆள் போட்ட தண்டனை, ஆளே நீக்க முடியும். பென்குயின் மெஷின் போட்டது. ஆனாலும் 'பிஎம்டபிள்யூ'ன்னு தேடி பிஎம்டபிள்யூ வரலைன்னா கூகுள்தான் முட்டாளா தெரியும். உங்க தெருமுனைக் கடை வரலைன்னா யாருக்குத் தெரியப் போகுது? என்னைப் பொறுத்தவரைக்கும் அவசரத்துல அந்த வித்தியாசமும் இருந்தது.

அப்போ நேர் வழியில போனா எவ்வளவு நாள் ஆகும்? ஏஹ்ரெஃப்ஸ்னு ஒரு எஸ்இஓ கருவி நிறுவனம் 2017-ல் இருபது லட்சம் புதுப் பக்கங்களை எடுத்துப் பார்த்தது. ஒரு வருஷத்துக்குள்ள ஏதாவது ஒரு தேடலுக்காவது முதல் பத்துக்குள்ள வந்தது வெறும் 5.7 சதவீதம். முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிற பக்கங்களோட சராசரி வயசு கிட்டத்தட்ட மூணு வருஷம். 'மூணு மாசத்துல முதல் பக்கம்'னு யாராவது உங்களுக்குக் கோட்டேஷன் அனுப்பினா, இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பொறுமையா செஞ்சா நிச்சயம்னும் நான் சொல்ல மாட்டேன். 2023 செப்டம்பர் மாற்றத்தில், பொருளை நிஜமாவே வாங்கிச் சோதிச்சு எழுதின பல சின்னத் தளங்கள் வாசகர்களை இழந்தது. அடுத்த வருஷம் அவங்கள்ல சிலரை கூகுள் தன் அலுவலகத்துக்கே கூப்பிட்டுப் பேசிச்சு. அதுக்குள்ள, 2024 மே மாசத்துல இருந்து, தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ எழுதின பதில் வர ஆரம்பிச்சாச்சு.

கடைசியா ஒரு மனுஷரைப் பற்றிச் சொல்லிட்டு முடிக்கிறேன். ஷெல்டன் பிரவுன். பாஸ்டன் பக்கத்துல ஹாரிஸ் சைக்ளரின்னு ஒரு சைக்கிள் கடையில வேலை பார்த்த மெக்கானிக். 1990-களில், கூகுள் வர்றதுக்கு முன்னாடியே, சைக்கிள் பற்றித் தனக்குத் தெரிஞ்சதை எல்லாம் தளத்துல எழுத ஆரம்பிச்சார். கியரை எப்படிச் சரி செய்யறது, வீலுக்கு ஸ்போக் எப்படிக் கோர்க்கறது, ஒரே எண் போட்ட ரெண்டு டயர் ஏன் ஒரே அளவு இல்ல. பளபளப்பான டிசைன் இல்ல. வந்து நின்னு ஒருத்தர் கேட்டா கடையில எப்படிச் சொல்வாரோ அப்படி எழுதினார். சைக்கிள் பைத்தியங்கள் அத்தனை பேரும், சந்தேகம் கேட்ட ஆளுக்கு 'ஷெல்டன் என்ன சொல்றார்னு பாரு'ன்னு லிங்க் குடுத்தாங்க. காசு வாங்கிக்கிட்டு இல்ல, மறுபடி மறுபடி அதையே விளக்கறதுக்குப் பதிலா.

அவர் 2008 பிப்ரவரியில இறந்துட்டார். நண்பர்கள் தளத்தைத் தொடர்ந்து பார்த்துக்கிட்டாங்க. பென்னிக்கு ஓட்டுப் போட்ட குறட்டை தளங்கள் வந்து போச்சு, பாண்டா, பென்குயின் எல்லாம் வந்தது. அந்தப் பச்சைப் பட்டையையே கூகுள் 2016-ல் எடுத்துடுச்சு. 2021-ல் ஹாரிஸ் சைக்ளரி கடையையும் மூடிட்டாங்க. டயர் அளவு பற்றித் தேடிப் பாருங்க, அவர் போட்ட அட்டவணை இன்னும் கண்ணில் படும்.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.